கோடியக்கரைக் காற்றில் ஆடாத கால்கள்: ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்குப் பயண ட்ரைபாட் வாங்க முழு வழிகாட்டி

தை மாதத்து வாடைக்காற்று. கோடியக்கரை உப்பள வரப்பில் நின்றுகொண்டு எதிர்ப் பாத்தியில் மேயும் கொசு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவைக் கூட்டத்தை ஸ்பாட்டிங் ஸ்கோப்பில், அதாவது தூரத்துப் பறவையைப் பெரிதாக்கிக் காட்டும் ஒற்றைக்குழல் தொலைநோக்கியில், துழாவிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒன்று மட்டும் வேறாகத் தெரிந்தது. அலகு கொஞ்சம் நீளமோ, நுனியில் லேசாக வளைந்திருக்கிறதோ? ஜூம் வளையத்தை 45 மடங்குக்குத் திருப்பினேன். படம் முழுக்கக் கிடுகிடுவென்று நடுங்கியது. காற்று ஓயட்டும் என்று காத்திருந்தேன். ஓய்ந்தபோது பறவை அங்கே இல்லை.

ஒரு வருடச் சேமிப்பை ஸ்கோப்பில் கொட்டிவிட்டு, மிச்சச் சில்லறையில் ட்ரைபாட் வாங்கியதன் பலன் அது. கூட வந்த அண்ணன் ஒருவர் கால்களை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீ கண்ணாடி வாங்கியிருக்க, கால் வாங்கல."

அதற்குப் பிறகு மூன்று ட்ரைபாட் மாறிவிட்டது. அந்தச் செலவில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று: சுமையைக் குறைக்க ஆசைப்பட்டால் முதலில் ஸ்கோப்பில் கை வையுங்கள், கடைசியில்தான் ட்ரைபாட்டில். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

ஏன் இவ்வளவு நடுக்கம்?

ஸ்கோப் பறவையை மட்டும் பெரிதாக்குவதில்லை, ஆட்டத்தையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. ஸ்கோப் நூறில் ஒரு டிகிரி அசைந்தால் வெறுங்கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. அதே அசைவு 60 மடங்கில் 0.6 டிகிரி. முழுநிலா வானத்தில் அடைக்கும் இடமே அரை டிகிரிதான். ஆக, உங்கள் உள்ளான் ஒரு நிலா அகலத்துக்கு இங்குமங்கும் குதிக்கும். அதில் அலகின் வளைவை எங்கே பார்ப்பது? போட்டோகிராபர்களுக்கு நல்ல ட்ரைபாட் ஸ்கோப்புக்குப் போதாமல் போவதும் இதனால்தான். அவர்கள் ஷட்டர் விழும் கணத்துக்கு அசையாமல் இருந்தால் போதும். நாம் பத்து நிமிடம் கண்ணை வைத்துக்கொண்டு நிற்கிறோம்.

படி 1: ஸ்கோப்பை எடை போடுங்கள்

கம்பெனி இணையதளத்தில் போட்டிருக்கும் எடையில் சில சமயம் ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் பகுதி) சேராது. உறை, மொபைல் அடாப்டர், ட்ரைபாட்டில் மாட்டும் அடித்தட்டு எல்லாவற்றோடும் சேர்த்து, பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசில் மாட்டிப் பாருங்கள். என்னுடைய 65 மி.மீ. (முன்கண்ணாடியின் விட்டம்) ஸ்கோப் 1.3 கிலோ என்று நினைத்திருந்தேன். தராசு 1.6 காட்டியது.

பொதுவாக 50–56 மி.மீ. ஸ்கோப் ஒரு கிலோவைத் தாண்டாது. 65 மி.மீ. ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை கிலோ, 80–85 மி.மீ. இரண்டு கிலோவை ஒட்டி வரும். கோவா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் (ஊர் அல்ல!) 55 மி.மீ. ஸ்கோப் 15–45 மடங்கு, சுமார் 800 கிராம். ஸ்வரோவ்ஸ்கியின் ஏடிசி 17–40 மடங்கு, 56 மி.மீ., அதுவும் ஒரு கிலோவுக்குள். விலை கிறுகிறுக்க வைக்கும் என்பது வேறு கதை.

இங்கேதான் நான் சொன்ன கணக்கு வருகிறது. 85-லிருந்து 55-க்கு இறங்கினால் ஸ்கோப்பிலேயே ஒரு கிலோ குறையும். அதோடு ட்ரைபாட்டும் அதன் உச்சியில் ஸ்கோப்பைப் பிடித்துத் திருப்பும் ஹெட்டும் ஒரு படி சின்னதாகலாம், அதில் இன்னொரு அரைக் கிலோ. 85 மி.மீ. ஸ்கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு ட்ரைபாட்டில் மட்டும் அரைக் கிலோ குறைத்தால் கிடைப்பது நடுக்கம்தான். பெரிய கண்ணாடியின் அருமை தெரிவது விடியலிலும் அந்தியிலும், மங்கிய வெளிச்சத்தில். காலை ஒன்பது மணிக்கு மேல் உப்பளத்தில் கானல் எழும்பிவிட்டால் 85 வைத்திருப்பவரும் 55 வைத்திருப்பவரும் ஒரே 25 மடங்கில்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

படி 2: எப்படிப் போகிறீர்கள், எங்கே நிற்கிறீர்கள்?

காரில் போய் பள்ளிக்கரணைச் சாலையோரத்தில் இறங்கி நிற்பவருக்குப் பயண ட்ரைபாட்டே தேவையில்லை. கனமான, மலிவான அலுமினிய ட்ரைபாட் போதும். காற்றுக்கு அதுதான் நல்லதும்கூட. வேதாரண்யம் வரை பஸ், அங்கிருந்து ஆட்டோ, பிறகு வரப்பில் நான்கைந்து கிலோமீட்டர் நடை என்றால் கதை வேறு. விமானத்தில் போய் லடாக்கிலோ கட்ச்சிலோ இறங்குபவருக்கு இன்னொரு கணக்கு.

ட்ரைபாட்டே வேண்டாத இடங்களும் உண்டு. பழவேற்காட்டில் படகில் போகும்போது ஸ்கோப்பை விரித்தால் தலைவலிதான் மிச்சம். ட்ரைபாட் படகோடு சேர்ந்தே ஆடும், பைனாகுலர் போதும். வேடந்தாங்கலில் கூடுகட்டும் மரங்கள் பைனாகுலர் தூரத்திலேயே இருக்கின்றன. மலைக்காட்டில் விரித்து நிமிர்வதற்குள் பறவை போய்விடும். ஸ்கோப்பின் உண்மையான ராஜ்ஜியம் திறந்த வெளி: உப்பளம், சேற்றுப் பரப்பு, ஏரி, தனுஷ்கோடி மாதிரிக் கடற்கரை. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று காற்று. அதனால் காற்றை மனதில் வைத்தே வாங்க வேண்டும்.

படி 3: உயரக் கணக்கு

ட்ரைபாட் பெட்டியில் போட்டிருக்கும் அதிகபட்ச உயரத்தைப் பார்க்காதீர்கள். அது நடுத்தண்டை முழுக்கத் தூக்கிய உயரம். நடுத்தண்டைத் தூக்கினால் மூன்று காலின் மேல் ஒற்றைக் கம்பத்தை நட்டு, அதன் உச்சியில் ஸ்கோப்பை வைத்த மாதிரி. நீங்கள் பார்க்க வேண்டியது தண்டைத் தூக்காமல் வரும் உயரம்.

என் கணக்கை உதாரணமாகச் சொல்கிறேன். என் உயரம் 165 செ.மீ. தரையிலிருந்து கண் சுமார் 153. என்னுடையது சாய்ந்த ஐபீஸ் வைத்த ஸ்கோப், கொஞ்சம் குனிந்து பார்ப்பது. அதற்கு ஐபீஸ் 142 செ.மீ. உயரத்தில் இருந்தால் கழுத்து வலிக்காது. ஹெட் 10 செ.மீ., அதன் மேல் ஸ்கோப்பின் ஐபீஸ் வரை இன்னொரு 14. ஆக 142-ல் 24 போனால் 118. தண்டைத் தூக்காமல் 118 செ.மீ. வரும் கால்கள் எனக்குப் போதும். நேரான ஸ்கோப்பாக இருந்தால் ஐபீஸ் கண் உயரத்துக்கே வர வேண்டும், அதில் ஐபீஸ் ஹெட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் தாழ்வாகவும் இருக்கும். எனக்கு 133-க்கு மேல் தேவைப்படும். அந்த 15 செ.மீ. வித்தியாசம் இன்னும் ஒரு கணு (காலில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்த் துண்டு), இன்னும் எடை, இன்னும் நடுக்கம். குறைந்த எடையில் பயணம் போக நினைப்பவர்கள் சாய்ந்த ஸ்கோப்பை வாங்குவதற்கு இதுவே போதுமான காரணம். கூட வரும் குள்ளமானவர், நெட்டையானவர் எல்லோரும் உயரத்தை மாற்றாமலே பார்க்கலாம் என்பது கூடுதல் லாபம். குள்ளமானவருக்கு ஏற்ப வைத்துவிட்டால் மற்றவர்கள் குனிந்துகொள்வார்கள்.

படி 4: கால்கள்

மேல்குழாயின் விட்டத்தை முதலில் கேளுங்கள். சுவரின் தடிமன் ஒன்றாக இருந்தால், வளையாமல் நிற்கும் திறன் விட்டத்தின் முப்படிக்கு (விட்டம் × விட்டம் × விட்டம்) ஏற்பக் கூடும். 22 மி.மீ. குழாயைவிட 28 மி.மீ. குழாய் பார்வைக்குக் கொஞ்சம்தான் பருமன், திறனில் இரண்டு மடங்கு. சில கம்பெனிகள் மாடல் எண்ணிலேயே இதைச் சொல்லிவிடுகின்றன. லியோஃபோட்டோவின் எல்எஸ்-284சி என்றால் 28 மி.மீ., 4 கணு, கார்பன். எல்எஸ்-224சி என்றால் 22 மி.மீ.

என் கைக்கணக்கு: 50–56 மி.மீ. ஸ்கோப்புக்கு 22–25 மி.மீ. குழாய், 65-க்கு 25–28, 80-க்கு மேல் 28-க்குக் குறையவே கூடாது.

அடுத்தது கணுக்கள். ஐந்து கணு ட்ரைபாட் மடக்கினால் பைக்குள் மறைந்துவிடும், கடைக்காரர் அதைத்தான் ஆசையாகக் காட்டுவார். ஆனால் ஒவ்வொரு கணுவிலும் குழாய் 3 மி.மீ. அளவுக்கு மெலிந்துகொண்டே போகும். 22-ல் தொடங்கினால் ஐந்தாவது கணு பேனா தடிமன்தான் மிஞ்சும். உப்பளக் காற்றில் அந்தப் பேனாக்கள்தான் உங்கள் ஸ்கோப்பைத் தாங்கப்போகின்றன. நான்கு கணு நல்ல சமரசம். மூன்று கணு இன்னும் உறுதி, ஆனால் மடக்கினால் நீளம் அதிகம், பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் முறைப்பார்.

கார்பனா அலுமினியமா? ஒரே அளவுக் கால்களில் கார்பன் எடை குறைவு, அதிர்வும் சீக்கிரம் அடங்கும், உப்புத் தண்ணீர் குழாயை அரிக்காது. அலுமினியம் விலை குறைவு, அடிபட்டால் நசுங்குமே தவிர உடையாது. பணம் ஓரளவுதான் என்றால், 22 மி.மீ. கார்பனைவிட 28 மி.மீ. அலுமினியத்தைத்தான் எடுக்கச் சொல்வேன். இதில் என்னோடு சண்டைக்கு வரும் நண்பர்கள் உண்டு. அவர்கள் நடந்து போவதில்லை.

பூட்டு விஷயத்தில், திருகுப் பூட்டு பைக்குள் மாட்டிக்கொள்ளாது, கழற்றிக் கழுவலாம். நெம்பிப் பூட்டும் கிளிப் வேகமானது, திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பார்த்த உடனே தெரியும், ஆனால் இடுக்கில் மணல் புகும். இரண்டும் சரிதான், கைக்கு எது பழக்கமோ அது.

படி 5: ஹெட், பாதிப் பேர் கோட்டைவிடும் இடம்

பயண ட்ரைபாட் வாங்கினால் பெரும்பாலும் பால் ஹெட்டோடு (ஒரு உருண்டையின் மேல் சுழலும் ஹெட்) சேர்த்துத்தான் தருவார்கள். கேமராவுக்கு அது அருமை. ஸ்கோப்புக்கு அது எதிரி. பூட்டைத் தளர்த்தினால் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் சாயும். பறக்கும் பூநாரைக் கூட்டத்தைத் தொடர்வதற்காகத் தளர்த்தினேன், ஒரு நொடி பிடி நழுவியது, ஒன்றரைக் கிலோ ஸ்கோப் தலைகுப்புறக் கவிழ்ந்து நடுவில் இருந்த விரலை நசுக்கியது. நகம் கறுத்துப் போய் இரண்டு மாதம் இருந்தது.

நமக்கு வேண்டியது சின்ன ஃப்ளூயிட் ஹெட். வீடியோ எடுப்பவர்கள் பயன்படுத்தும் வகை. பக்கவாட்டில் ஓர் அசைவு, மேல்கீழ் ஓர் அசைவு, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் பசைத்திரவம் அசைவை மெதுவாக்கிப் பிடிப்பதால், கைப்பிடியைத் தள்ளினால் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி நகரும். உள்ளான் நடக்கும், கூடவே நீங்களும் நகர்வீர்கள், கையை எடுத்ததும் படம் அங்கேயே நிற்கும். அரைக் கிலோ முதல் முக்கால் கிலோ வரையில் கிடைக்கிறது. ஸிருய், பென்ரோ, மேன்ஃப்ரோட்டோ, கிட்ஸோ, லியோஃபோட்டோ எல்லோரிடமும் இந்த வகையில் சின்ன ஹெட் உண்டு.

வாங்கும் முன் மூன்றைச் சோதியுங்கள். ஒன்று, ஸ்கோப்பை மாட்டி, மேல்கீழ் பூட்டைத் திறந்தே வைத்துவிட்டுக் கையை எடுங்கள். மெதுவாக மூக்கைத் தாழ்த்தினால் அடித்தட்டை முன்னும் பின்னும் நகர்த்திச் சமன் செய்ய முடிகிறதா பாருங்கள். சின்ன ஹெட்களில் பெரும்பாலும் எடையைச் சமன் செய்யும் ஸ்பிரிங் இருக்காது, தட்டு நகர்வதே ஒரே வழி. மொபைலை மாட்டினால் பின்பக்கம் கனமாகும் என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். இரண்டு, பூட்டை இறுக்கும்போது படம் தாவுகிறதா? மத்தியில் வைத்த பறவை இறுக்கியதும் ஓரத்துக்குப் போனால் அந்த ஹெட் வேண்டாம். மூன்று, கைப்பிடி. உங்கள் கைக்கு ஏற்ப இடம் வலம் மாற்ற முடிய வேண்டும்.

இன்னொரு சிக்கலைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். பயண ட்ரைபாட்டின் கால்கள் தலைகீழாக மடங்கி ஹெட்டைச் சுற்றி மூடிக்கொள்ளும். அதனால்தான் மடக்கினால் 40–45 செ.மீ.க்குள் அடங்குகிறது. கூட வந்த பால் ஹெட் அந்த இடைவெளிக்கு அளவெடுத்துச் செய்தது. நீங்கள் வாங்கும் ஃப்ளூயிட் ஹெட் அதைவிட அகலம், கால்கள் அதன்மேல் இடித்துக்கொண்டு பாதியில் நின்றுவிடும். ஒன்று, அளந்து பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் பயணத்தில் ஹெட்டைக் கழற்றித் தனியே சட்டைகளுக்கு நடுவே சுருட்டி வையுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன். ஹெட் திருகுவது பெரும்பாலும் 3/8 அங்குல மரையில், கழற்ற அரை நிமிடம்கூட ஆகாது.

படி 6: தட்டு

சின்ன விஷயம், ஆனால் மறந்தால் கை கடிக்கும். இப்போது பெரும்பாலான ஹெட்களில் ஆர்கா-ஸ்விஸ் என்ற பொது வடிவத் தட்டு. நிறைய ஸ்கோப்புகளின் அடிக்காலே அந்த வடிவத்தில் வருகிறது, தட்டே இல்லாமல் நேரே ஹெட்டில் பொருந்தும். மேன்ஃப்ரோட்டோவின் சில ஹெட்களுக்கு அவர்கள் தட்டுதான் சேரும். தட்டில் ஒரே ஒரு 1/4 அங்குலத் திருகு மட்டும் இருந்தால் ஸ்கோப் மெல்ல மெல்லச் சுழலும். சுழலாமல் தடுக்கும் சிறு ஊசி அல்லது விளிம்பு இருக்கிறதா பாருங்கள். தட்டைத் திருகும் ஆலன் சாவியைச் சாவிக்கொத்தில் கோத்துவிடுங்கள்.

படி 7: கடையில் செய்ய வேண்டிய சோதனை

பெட்டியில் '8 கிலோ தாங்கும்', '12 கிலோ தாங்கும்' என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். அதற்கு எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. தாங்குவது வேறு, ஆடாமல் நிற்பது வேறு. உங்கள் ஸ்கோப்பையே கடைக்கு எடுத்துப் போங்கள். கால்களை முழுக்க நீட்டி, தண்டைத் தூக்காமல், எதிர்க்கடைப் பலகையில் இருக்கும் போன் நம்பரை 40 மடங்கில் பிடியுங்கள். இப்போது ஒரு காலை விரலால் சுண்டிவிட்டு எண்ணுங்கள்: ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு. இரண்டுக்குள் எண்கள் அசையாமல் நின்றால் நல்ல ட்ரைபாட். மூன்று நான்கு என்று போனால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, ஹெட்டுக்குக் கீழே இருக்கும் மேல்தட்டை இரண்டு கையாலும் பிடித்து, பாட்டில் மூடி திறப்பதுபோல் இடமும் வலமும் முறுக்குங்கள். கால்கள் திருகிக்கொண்டு நெளிந்தால் ஒவ்வொரு முறை கைப்பிடியைத் தள்ளும்போதும் அதே நெளிவுதான். ஆன்லைனில் வாங்கினாலும் திருப்பி அனுப்பும் நாட்களுக்குள் மொட்டைமாடியில் இதைச் செய்துவிடுங்கள். மாடியில் காற்றும் சேர்ந்து சோதிக்கும்.

எவ்வளவு செலவு செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு: ஸ்கோப் விலையில் கால் பங்கையாவது கால்களுக்கும் ஹெட்டுக்கும் ஒதுக்குங்கள். எடையில், 65 மி.மீ. ஸ்கோப்புக்குக் கால்களும் ஹெட்டும் சேர்ந்து இரண்டு கிலோவுக்குள் நல்லதாகவே கிடைக்கும். 85-க்கு இரண்டரை கிலோவை மனதார ஏற்றுக்கொள்ளுங்கள்.

படி 8: எடுத்துப் போவது

உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோதான். ஸ்கோப்பும் பைனாகுலரும் கையோடு, ட்ரைபாட் செக்-இன் பெட்டியில். பாதுகாப்புச் சோதனையில் ட்ரைபாட்டை விடுவதும் விடாததும் அங்கே இருப்பவர் முடிவு, அதற்காக விமானத்தைத் தவறவிட வேண்டியதில்லை. செக்-இன் செய்யும்போது கால்களுக்கு நடுவே ஒரு லுங்கியைத் திணித்துவிட்டால் அடிபடாது, ஊரில் லுங்கியும் ஆச்சு.

நடக்கும்போது ஸ்கோப்போடு தோளில் சாய்த்துப் போவதுதான் எல்லோருக்கும் வழக்கம். அரை மணிக்கு ஒருமுறை தட்டின் பூட்டைத் தொட்டுப் பாருங்கள், நடையின் அதிர்வில் தளரும். தோள் வலிக்காமல் இருக்க மேல்குழாயில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொள்ளலாம்.

படி 9: நிறுத்தும் முறை

நல்ல ட்ரைபாட்டையும் தப்பாக நிறுத்தினால் ஆடும். நீட்டும்போது தடித்த கணுக்களை முதலில், மெலிந்தவற்றைக் கடைசியில். ஒரு கால் பறவையை நோக்கி முன்னால் போகட்டும், மற்ற இரண்டுக்கும் நடுவே நீங்கள் நில்லுங்கள். காலைத் தட்டி விடமாட்டீர்கள், ஸ்கோப்பும் முன்பக்கம் சாயாது. பக்கவாட்டு அசைவு அடிவானத்தோடு போக வேண்டும், அதற்குக் கால்களின் நீளத்தை மாற்றிச் சமப்படுத்துங்கள்.

காற்று அதிகமானால் நடுத்தண்டின் கொக்கியில் பையைத் தொங்கவிடச் சொல்வார்கள். பை அந்தரத்தில் ஊசலாடினால் நடுக்கம் கூடத்தான் செய்யும். அடிப்பகுதி தரையைத் தொடும் அளவுக்குத் தொங்கவிடுங்கள். அதைவிட நல்லது, கீழ்க்கணுக்களை மடக்கிவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிடுவது. தனுஷ்கோடியில் நான் நின்றபடி 30 மடங்கைத் தாண்டியதே இல்லை. மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் 40 வரை போகலாம்.

சேற்றில் கால்கள் மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும், பறவை படத்திலிருந்து மெல்ல மெல்ல நழுவிப் போகும். மூன்று கொட்டாங்குச்சி கொண்டுபோங்கள். வாய்ப்பக்கம் மேலே பார்க்கச் சேற்றில் அழுத்தி, அதற்குள் காலை ஊன்றுங்கள். காசு இல்லை, தொலைந்தாலும் கவலை இல்லை.

படி 10: உப்பைக் கழுவுவது

உப்பளத்திலிருந்து வந்த அன்று ராத்திரியே, சாப்பிடப் போவதற்கு முன், லாட்ஜ் குளியலறையில் கால்களை முழுக்க நீட்டி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஹெட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும். நீட்டியபடியே காய விடுங்கள். ஈரத்தோடு மடக்கினால் உப்பு பூட்டுக்குள் உட்கார்ந்துவிடும். சீசன் முடிந்ததும், பங்குனி வாக்கில், திருகுப் பூட்டுகளைக் கழற்றி மணலைத் துடைத்து எடுங்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பட்டைகள் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் போடாதீர்கள். மணல் அதில் ஒட்டிக்கொண்டு, அடுத்த முறை அரம் மாதிரி அராவும்.

கடைசியாக ஒன்று. மூன்று காலை விரித்து நின்றால் ஊர்க்காரர்கள் வந்து கேட்கும் முதல் கேள்வி, "சர்வே எடுக்கிறீங்களா சார்?" நிலத்தை அளக்க வந்திருக்கிறோமோ என்ற பயம் அதில் இருக்கும். விளக்கிக்கொண்டு நிற்காமல் கீழ்க்கணுவை மடக்கி ஸ்கோப்பைத் தாழ்த்தி, 20 மடங்கில் ஒரு பூநாரையைப் பிடித்துக் கொடுங்கள். முதலில் பையன் பார்ப்பான், பிறகு அவன் அப்பா. உள்ளானைக் காட்டாதீர்கள். ஒருமுறை காட்டினேன். "இதுக்கா இவ்வளவு பெரிய குழாய்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.